ஒன்றரை என்ன?

விழுப்புரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே விடுகிற இடத்துக்குச் சந்து என்று பெயர். அலுவலகத் தாள்களில் அதைப் பக்கத் திறந்தவெளி என்று எழுதுகிறார்கள். பொறியாளர்கள் செட்பேக் என்கிறார்கள். கட்டுகிறவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் அது சந்துதான். அது எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒன்றரை அடி. பூச்சு வேலைக்காரர் ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து, முதுகை ஒரு சுவரில் உரசிக்கொண்டு எதிர்ச் சுவரில் கலவை அடிக்க அந்த இடம் போதும். சன்ஷேடிலிருந்து சொட்டும் மழைத் தண்ணீரும் நம் மண்ணிலேயே விழும்; பக்கத்து வீட்டோடு வாய்த்தகராறு வராது.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நடந்து பார்த்து எழுதி வைத்தேன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த தேதி, போன தேதி, எடை என்று எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மறுக்கிறது. மாலையில் நடக்கப் போகும்போது எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டினார்கள், எந்த மாதம் தளம் போட்டார்கள், பக்கத்தில் எவ்வளவு விட்டார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்து நோட்டில் குறிப்பேன். சந்து என்ற கட்டத்தில் பெரும்பாலும் 1½ என்றே இருக்கும். சில வீடுகளுக்கு ஒரு கோடு மட்டும் போட்டிருப்பேன். ஒன்றுமே விடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

வேலையில் இருந்த வரை நாங்கள் ரயில்வே குடியிருப்பிலும், பிறகு வாடகை வீட்டிலும் இருந்தோம். கோலியனூர் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நாற்பதுக்கு அறுபது அடியில் ஒரு மனை என் மனைவி பெயரில் வெகுநாளாகச் சும்மா கிடந்தது. மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே, இனி வீடு கட்டாமல் ஓயப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

மனைக்கு மேற்கே காலி இடம். கிழக்கே ஒரு பழைய ஒற்றைத் தள வீடு. அதில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் வளவனூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். பள்ளிச் சீருடை, ரவிக்கை, பாவாடை என்று நாள் முழுக்கத் தைப்பார். அவருடைய வீட்டுச் சுவர் சரியாக எல்லைக் கோட்டின் மேல் நின்றது. அந்தச் சுவரில் எங்கள் மனையைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. என் நோட்டுப்படி அது கோடு போட்ட வீடு. ஜன்னலுக்குக் கீழேதான் தையல் மெஷின். எங்கள் மனை காலியாகக் கிடந்த வரை அந்த வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் எங்கள் மனை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அதை அவரும் நினைத்துப் பார்த்ததில்லை, நாங்களும் நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுப் படம் வரைந்தவர் திண்டிவனத்தில் இருக்கும் ஒரு பெண் பொறியாளர். என் மனைவியிடம் ஆறாம் வகுப்பில் படித்தவர். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் அவருடைய அலுவலகம். படம் விஷயமாக நாங்கள் நான்கு முறை பஸ் ஏறிப் போய் வந்தோம். நான்கு முறையும் தேதி குறித்திருக்கிறேன். இரண்டாவது பயணம்தான் எனக்கு முக்கியம். அன்று அவர் கட்டட விதிகளின் அட்டவணையைக் கணினியில் திறந்து காட்டினார்.

நான் கண்டதையும் படிப்பவன். கல்வெட்டு, கப்பல், நெல் வகைகள் என்று கையில் கிடைத்ததை விட்டதில்லை. ஆனாலும் அரசாங்க விதி ஒன்றை ரசித்துப் படித்தது அதுதான் முதல் தடவை. தெருவின் அகலம் ஒரு கட்டத்தில், கட்டடத்தின் உயரம் ஒரு கட்டத்தில், முன்னால் விடுவது, பின்னால் விடுவது, பக்கத்தில் விடுவது எல்லாம் தனித்தனிக் கட்டங்களில். ஒன்றை இழுத்தால் மற்றொன்று நகர்ந்தது. உயரமாகப் போனால் அதற்கேற்ப விலகி நிற்க வேண்டும். குறுகிய தெரு என்றால் அடக்கமாக எழும்ப வேண்டும். மனை முழுவதையும் கட்டடத்தால் மூடிவிட்டால் மழைக்கு இறங்க மண் இருக்காது. அதனால் கொஞ்சம் திறந்து கிடக்கட்டும். எழுதியவர் யாரோ, விழுப்புரத்தைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்றுகூடத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் யாருக்காகவும் யோசிக்காத ஒன்றை அவர் யோசித்து வைத்திருந்தார்.

"இது எல்லாருக்கும் இதே மாதிரியா?" என்று கேட்டேன்.

"மனைக்கு மனை மாறும் சார். ரூல்ஸும் அப்பப்ப மாத்துவாங்க. உங்களுக்கு எது பொருந்துமோ அத பாத்துதான் வரைஞ்சிருக்கேன். படத்துல இருக்கறத மட்டும் பாத்துக்குங்க, போதும்" என்றார்.

மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். பழைய மாணவி ஒருத்தி தெளிவாகப் பேசும்போதெல்லாம் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

அனுமதி வந்தது. படம் முழுக்க மீட்டரில் இருந்தது. எங்கள் மேஸ்திரிக்கு அடிக்கணக்குதான் பழக்கம் என்று நாங்கள் சொன்னதால், அறைகளின் நீள அகலத்தையெல்லாம் பொறியாளர் அடியில் மாற்றி ஒரு தனித் தாளில் எழுதிக் கொடுத்தார். ஹால், சமையலறை, இரண்டு படுக்கை அறை, குளியலறை எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. சந்து இல்லை. அது அறை அல்லவே.

மேஸ்திரி காணைப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு. அவர் கட்டிய ஆறு வீடுகள் என் நோட்டில் இருந்தன; ஒன்றிலும் விரிசல் இல்லை. அதனால்தான் அவரைத் தேடிப் போனோம்.

மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, மனையில் நூல் பிடித்தோம். முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போடும் வேலை. பொறியாளர் வருவதாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில் தகவல் வந்ததால், மேஸ்திரி அவரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் நோட்டோடு நின்றேன்.

"மேடம், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

"கிழக்கால ஒன்றரை விட்டு ஆரம்பிங்க மேஸ்திரி. அங்கேர்ந்து நான் குடுத்த தாள்படி மேற்கால போய்க்கினே இருங்க. மீதி வர்றது கார் நிறுத்தற எடம்."

"ஒன்றரை. சரிங்க மேடம்."

நானும் எழுதினேன்: கிழக்குச் சந்து 1½. பார்சல் அலுவலகத்தில் கிலோ என்று எழுதாமல் வெறும் எண்ணை எழுதியிருந்தால் அன்றைக்கே மெமோ வந்திருக்கும். இங்கே அலகு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்து, ஒன்றரை. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? திண்டிவனத்துப் பெண்ணுக்கும் எங்கள் ஊர்ப் பழக்கம் தெரிந்திருக்கிறதே என்று மனதுக்குள் அவரை மெச்சினேன்.

நூல் பிடித்து முடித்தபோது மேற்குப் பக்கம் நாங்கள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. மேஸ்திரி அங்கே நின்று, "கார் என்னா, லாரியே திரும்பும் போல கீதே" என்றார். மனைவி உடனே அந்த இடத்தில் ஒரு முருங்கையும் துணி துவைக்கும் கல்லும் மனதுக்குள் வைத்துவிட்டாள். எங்கே வைப்பது என்று காலால் தேய்த்துக்கூடக் காட்டினாள். யாரும் படத்தை எடுத்துப் பார்க்கவில்லை. படம் அப்போது பையில்தான் இருந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று நான்தான் லேமினேட் செய்து வைத்திருந்தேன்.

செவ்வாயும் புதனும் கடைக்கால் பள்ளம் தோண்டினார்கள். புதன் சாயந்திரத்துக்குள் கிழக்குப் பள்ளத்தில் அடிக் கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது.

அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். தையல் மெஷினின் சத்தம் இடம் மாறியிருந்தது. இதற்கு முன் நான் மனைக்குப் போகும்போதெல்லாம் அது ஜன்னல் பக்கத்திலிருந்து கேட்கும். புதன்கிழமை அது தெருப் பக்கத்திலிருந்து வந்தது. போய்ப் பார்த்தால், அந்தப் பெண்மணி வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே மெஷினை இழுத்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். தகரத்தின் சூடு தலையில் இறங்கியது. லாரி போகிற புழுதி வெள்ளைச் சீருடைத் துணி மேல் படியாமல் இருக்க ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"என்னம்மா, இங்க வந்துட்டீங்க?"

"சும்மாதான் சார். பழகிக்கணும் இல்ல" என்றார்.

"எதுக்குப் பழகணும்?"

அவர் பெடலை நிறுத்தினார். "உங்க செவுரு ஏறிட்டா அந்த ரூமு இருட்டாயிடும். பகல்ல லைட்டு போட்டாலும் கறுப்புத் துணியில கறுப்பு நூலு தெரியாது சார். இப்பவே வெளில தெச்சிப் பழகினா அப்பறம் பேஜாரு இல்ல."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னான்னு சொல்றது? எங்க வூட்டுக்காரரு கட்டும்போது ஒரு விரக்கடை எடம் உடல. கோட்டு மேலயே ஏத்திட்டாரு. நீங்களாச்சும் ஒன்ற அடி உட்டிருக்கீங்க. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு உங்களக் கேக்கறது?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், "பாவம்தாங்க. ஆனா சட்டப்படி விடவேண்டியத விட்டுட்டோம் இல்ல? அதுக்கு மேல என்ன பண்ண முடியும்?" என்றாள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். விதியை ரசித்துப் படித்த நான், எங்கள் கடைக்கால் அந்த விதிப்படிதான் இருக்கிறது என்று நம்பியபடி அன்று தூங்கப் போனேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பொறியாளர் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வண்டியை நிறுத்தியவர் நேராகக் கிழக்குப் பக்கம் போனார். பள்ளத்துக்கும் தையல்காரர் வீட்டுச் சுவருக்கும் நடுவே இருந்த மண்விளிம்பில் நின்றார். கையை மடக்கி இடுப்பில் வைக்கப் பார்த்தார். முழங்கை சுவரில் இடித்தது.

"மேஸ்திரி, இது என்ன?"

"சந்து மேடம்."

"எவ்வளோ விட்டிருக்கீங்க?"

"ஒன்றரை. நீங்க சொன்னதுதானே."

"ஒன்றரை என்ன?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன். 1½ என்று அழகாக எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளியும் வைத்திருந்தேன்.

"ஒன்றரை அடி மேடம்" என்றார் மேஸ்திரி, சந்தேகமே இல்லாமல்.

பொறியாளர் கண்ணை ஒரு நிமிடம் மூடித் திறந்தார். "மீட்டர் மேஸ்திரி. ஒன்றரை மீட்டர். கிட்டத்தட்ட அஞ்சடி."

கடப்பாறையை ஊன்றி நின்றிருந்த ஆள் ஒருவர் மெதுவாக அதைக் கீழே வைத்தார். வீடு முழுவதும் மூன்றரை அடி கிழக்கே தள்ளி நின்றுகொண்டிருந்தது. மேற்கே லாரி திரும்பும் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட இடம், தையல்காரரின் ஜன்னலிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட இடம்.

யாரும் கத்தவில்லை. பொறியாளர் முதலில் சொன்னது, "தப்பு எம்மேலயும் இருக்குது. தாள்ல எழுதிக் குடுத்திருக்கணும். வாயால சொல்லியிருக்கக் கூடாது" என்பதுதான். நானும் என் நோட்டைக் காட்டி என் பங்கைச் சொன்னேன். மேஸ்திரி பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, புதிதாக இறுகிப்போன கான்கிரீட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குத்தான் அந்த மேற்கு இடத்தை விட மனசு வரவில்லை. முருங்கை நட்ட மாதிரியே ஆகிவிட்டிருந்தது அவளுக்கு. "இப்படியே விட்டா என்ன ஆகும்? இந்தத் தெருவுல எல்லாரும் ஒன்றரை அடிதான் விட்டிருக்காங்க. இவரு நோட்டுல இருக்குது, வேணும்னா பாரு" என்றாள் மாணவியிடம்.

"படத்துல இருக்கறபடி கட்டலன்னா நான் கையெழுத்துப் போட முடியாது டீச்சர்."

"பக்கத்து வீடு கோட்டு மேலயே இருக்குதே. அவங்க விடலயே. நாம மட்டும் எதுக்கு விடணும்?"

"அவங்க விடலன்றதாலதான் டீச்சர் இன்னும் அவசியமா விடணும். ரெண்டு பேரும் விட்டிருந்தா நடுவுல பத்தடி இருந்திருக்கும். இப்ப இருக்கப்போறதே உங்க அஞ்சடிதான். அதுலதான் உங்க சமையல்ரூம் ஜன்னலும் இருக்குது. உங்களுக்கும் அதே காத்துதான்."

அந்தப் பெண் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. ஆறாம் வகுப்பில் பதில் சொல்ல எழுந்து நிற்கிற பிள்ளையைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை.

அப்போது மேஸ்திரி எழுந்தார். "டீச்சரம்மா, பேசிக்கினே இருந்தா தெரியாது. பாத்துடலாம்" என்றார்.

ஆட்களைக் கூப்பிட்டார். சிமெண்ட் மூட்டையை மூட வைத்திருந்த நீலத் தார்ப்பாயை எடுத்து, இரண்டு உயரமான சவுக்குக் கம்புகளில் கட்டச் சொன்னார். ஆள் இரண்டு பேர் கம்புகளைப் பிடித்துக்கொண்டு, கடைக்கால் பள்ளத்தின் ஓரமாகவே, ஜன்னலுக்கு நேராக, சுவர் நிற்கப்போகும் இடத்தில் தார்ப்பாயைத் தூக்கி நிறுத்தினார்கள். ஏறக்குறைய கீழ்த்தளத்துச் சுவரின் உயரம் வந்தது.

"இதுதான் உங்க செவுரு. மேல மாடி ஏறினா இன்னும் இருட்டும், அது கணக்கில்ல. இப்ப உள்ள போய்ப் பாருங்க" என்றார்.

தையல்காரரிடம் அனுமதி கேட்டு நாங்கள் உள்ளே போனோம். அவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அறை, மேகம் கவிந்த மாதிரி இருந்தது. காலை பதினொரு மணி என்று என் நோட்டில் இருக்கிறது. மெஷின் இருந்த இடத்தில் அதன் நான்கு கால்களின் தடம் மட்டும் தரையில் இருந்தது. மனைவி அங்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு ஊசியும் நூலும் குடும்மா" என்றாள்.

தையல்காரர் கொடுத்தார். கறுப்பு நூல். மனைவி கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு கோர்க்கப் பார்த்தாள். நூல் முனையை நாக்கில் நனைத்து மறுபடி பார்த்தாள். ஊசியை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். நீலத் தார்ப்பாய்க்கு எதிரே ஊசியின் காது தெரியவே இல்லை.

"டீச்சர், அது பழக்கம் இருந்தாத்தான் வரும். குடுங்க, நான் போட்டுத் தர்றேன்" என்றார் தையல்காரர் சங்கடத்தோடு.

"நீ சும்மா இரு. எத்தினி வருசமா பட்டன் தெக்கிறேன் நானு" என்றாள் மனைவி.

வெளியிலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "இன்னாம்மா, கோத்தாச்சா? கைய வலிக்குதுன்றான் இவன்."

"இல்ல. தள்ளுங்க" என்றாள் மனைவி.

தார்ப்பாய் பின்னுக்கு நகர்ந்தது. பொறியாளர் டேப்பைப் பிடித்து, "இன்னும், இன்னும் கொஞ்சம், அங்கதான்" என்று சொல்வது கேட்டது. ஐந்தடியில் தார்ப்பாய் நின்றது. மேலே ஒரு பட்டை வானம் ஜன்னலுக்குள் வந்தது. பெரிய வெளிச்சம் என்று சொல்ல மாட்டேன். பழைய வெளிச்சம் இனி அந்த அறைக்கு வராது. ஆனால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி தெரிந்தது, நான் படித்துக்கொண்டேன். மனைவி ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டாவது முறையிலேயே நூல் உள்ளே போய்விட்டது.

அவள் அந்த ஊசியை நூலோடு தையல்காரர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"மேஸ்திரி, நூலப் பிரிச்சிக் கட்டுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் என் நோட்டில் அதிகப் பக்கம் எழுதியிருக்கிறேன். மேஸ்திரி கிழக்குப் பள்ளத்துக் கான்கிரீட்டை ஆட்களிடம் விடாமல் தானே முதல் அடி அடித்து உடைத்தார். வடக்கு தெற்காக ஓடிய பள்ளங்கள் எல்லாவற்றையும் மூடி, தண்ணீர் ஊற்றி, மிதித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மூன்றரை அடி தள்ளி மறுபடி தோண்டினார். செலவை எப்படிப் பிரிப்பது என்று நான் பேச்செடுத்தபோது, "கான்கிரீட்டு உங்கள்து, கூலி என்தும் மேடத்துதும். போவுது உடுங்க சார்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பொறியாளரும் தலையாட்டினார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறொன்று. முப்பது வருடமாக வீடு கட்டுகிறவர், தன் ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, தன் மகள் வயதுப் பொறியாளரிடம் போய், "மேடம், அந்த டேப்புல மீட்டர் பக்கம் எப்படிப் படிக்கறதுன்னு ஒரு தபா காட்டுங்க" என்று கேட்டார். பொறியாளர் அவர் பக்கத்தில் மண்ணில் குந்தி உட்கார்ந்து காட்டினார். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை. நான்தான் ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்தவன்போல அப்பால் போய் நின்றேன். தெரியாது என்று ஆட்கள் முன்னால் சொல்வதற்கு, என் உத்தியோக காலத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தைரியம் வந்ததில்லை.

ஆட்கள் சும்மா விடுவார்களா? வெள்ளிக்கிழமையிலிருந்து மனையில் ஒரு புதுப் பேச்சு வந்துவிட்டது.

"மேஸ்திரி, கலவைக்கு மணலு ஒன்றரை போடட்டா?"

"ஒன்றரை என்னடா?"

"ஒன்றரை லாரி."

டீ வாங்கப் போகிறவர், "டீ அஞ்சு" என்று சொன்னால், "அஞ்சு என்ன? அஞ்சு அடியா, அஞ்சு மீட்டரா?" என்று நாலு குரல் கேட்கும். மேஸ்திரியும் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அது படிக்கட்டின் உயரமாக இருந்தாலும் கம்பியின் நீளமாக இருந்தாலும், "என்ன?" என்று கேட்காமல் அவர் வேலையைத் தொடவில்லை. மாடிச் சுவர் எழும்பியபோது, மொத்த உயரம் படத்தில் உள்ளதைத் தாண்டாமல் இருக்க, தினமும் தானே டேப்பைத் தொங்கவிட்டு மீட்டரில் படித்து எனக்குச் சொல்வார். நானும் இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் மீ என்று எழுதத் தொடங்கியிருந்தேன். மனைவி மாடியில் இன்னொரு அறை போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டாள். "போடலாம்மா. ஆனா உசரம் ஏறினா சந்தும் ஏறணும்னு மேடம் சொல்லிக்கீறாங்க. மறுபடி தார்ப்பாய கட்டட்டா?" என்றார். மனைவி சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

தையல்காரர் மெஷினை உள்ளே கொண்டுபோக அவசரப்படவில்லை. சுவர் ஏறுவதைத் தினமும் பார்த்துக்கொண்டே வாசலில் தைத்தார். ஜன்னல் மட்டம் வந்தது, ஜன்னலுக்கு மேலே தாங்கும் லிண்டல் வந்தது, தளம் போட்டாகிவிட்டது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை கொதித்தபோதும் அவர் நகரவில்லை. உள்ளே போய்விட்டு மறுபடி வெளியே வர நேர்ந்தால் என்ன செய்வது என்று பயந்திருப்பார் என்று நினைக்கிறேன். வைகாசியில் மாடித் தளத்துக்கு முட்டுக் கொடுத்த சென்டரிங் பலகைகளைப் பிரித்த அன்று, மேஸ்திரி இரண்டு ஆட்களோடு போய், ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழே, பழைய கால் தடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அன்று சாயந்திரம் மெஷின் சத்தம் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. சந்துக்குள் நின்று கேட்டேன். ஐந்தடிச் சந்தில் சத்தம் கொஞ்சம் கணீரென்றுதான் கேட்கிறது.

பூச்சு முடிந்து வர்ணம் அடிக்கும் முறை வந்தபோது மனைவி வெளிச்சுவர் முழுவதற்கும் மாம்பழ மஞ்சள் என்று முடிவு செய்திருந்தாள். பெயிண்டர் டப்பாக்களை இறக்கி, ஏணியைக் கிழக்குச் சந்தில்தான் முதலில் சாய்த்தார். ஜன்னலுக்குள்ளிருந்து தையல்காரர் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"இந்தப் பக்கத்துக்கு மட்டும் வெள்ளை அடிச்சா நல்லாருக்கும். காலைல உங்க செவுத்து மேல வெயிலு அடிக்குது இல்ல? வெள்ளையா இருந்தா அப்படியே எங்க ரூமுக்குள்ள வந்துடும்."

பெயிண்டர் ஏணியில் நின்றபடியே, "மூணு பக்கமும் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளையா? பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க?" என்றார்.

"இந்தச் செவுத்த உங்க வூட்டுல யாரு பாக்கப் போறாங்க? காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் நான்தானே பாக்கணும்" என்றார் தையல்காரர்.

இதை அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்று சொன்ன அதே பெண்மணி, ஆறு மாதத்துக்குள் எங்கள் சுவரின் நிறத்தைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டிருந்தார்.

மனைவி பெயிண்டரிடமிருந்து நிற அட்டையை வாங்கிக்கொண்டு தெருவைச் சுற்றித் தையல்காரர் வீட்டுக்குள் போனாள். சந்திலிருந்து பார்த்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகளும் அட்டையின் மேல் குனிந்திருந்தன. வெள்ளையிலேயே நாலைந்து வெள்ளை இருந்தன போலிருக்கிறது. ஒன்று நீலம் பாரித்தது, ஒன்று பால் வெள்ளை, ஒன்று கண்ணைக் கூசும் என்று பேசிக்கொண்டார்கள். பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கிப் பீடி பற்ற வைத்தார். வெகுநேரம் கழித்து ஜன்னல் வழியாக அட்டை வெளியே நீண்டது. பால் வெள்ளைக் கட்டத்தின் மேல் தையல்காரரின் விரல் இருந்தது.

"இது" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "மேல சன்ஷேடு வரைக்கும் இதே அடிங்க. அடிக்கு அடி நான் இங்க உக்காந்துக்கினு பாப்பேன்."

அப்படியே அடித்தோம். ஆடி மாதம், மூன்றாவது வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு வேலை முடிந்தது.